அரிய அணுக்கருவின் நிறையை அளப்பது எப்படி? கால்சியம்-52, 54 வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறையைக் கூட்டினால் 4.0313 அணு நிறை அலகு வரும். அந்த நான்கும் சேர்ந்து உருவாகக்கூடிய ஹீலியத்தின் நிறை 4.0026 அலகுதான். நடுவில் 0.0287 அலகு காணாமல் போய்விடுகிறது. நூற்றுக்கு முக்கால் பங்குகூட இல்லாத குறைவு இது. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பிரான்சிஸ் ஆஸ்டன் 1919-ல் கட்டிய நிறைமாலைக் கருவி இதைத் தெளிவாகக் காட்டியது. மறு ஆண்டே வானியலர் ஆர்தர் எடிங்டன் அதைப் பற்றிக்கொண்டார்: விண்மீன்கள் ஒளிர்வதற்கான ஆற்றல் இந்தக் காணாமல் போன நிறையிலிருந்து வரலாம் என்றார்.

நூறு ஆண்டுகள் கழித்தும் அணுக்கரு நிறையை அளப்பவர்கள் தேடுவது அந்தக் காணாமல் போன பங்கைத்தான். புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒன்றோடொன்று கட்டுண்டிருக்கும் வலிமை, அதாவது பிணைப்பு ஆற்றல், அந்தக் குறைவில்தான் எழுதியிருக்கிறது. ஆகவே அணுக்கரு எவ்வளவு கனம் என்பது இங்கே பெரிய விஷயமல்ல. பக்கத்து அணுக்கருவுக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் விஷயம். பின்வரும் படிகள் ஒவ்வொன்றும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இப்படி அமைந்திருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கருவிகளின் பெயர்கள் மிரட்டாது.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது ஜெனீவாவின் செர்ன் மையத்தில், ஐசோல்டே கூடத்தில் இருக்கும் ஐசோல்ட்ராப் கருவியையும், அதில் அளக்கப்பட்டு 2013-ல் முடிவு வெளியான கால்சியம் அணுக்கருக்களையும். இந்தத் துறையில் நான் மிகவும் விரும்பும் அளவீடு இது. ஒரே தனிமத்தில், ஒரே கருவித் தொடரில், இரண்டு வேறு முறைகள் ஏன் தேவைப்பட்டன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை வேறில்லை.

படி 1: முதலில் கேள்வி, பிறகுதான் கருவி

எவ்வளவு துல்லியமாக அளக்க முடியும் என்று தொடங்கக் கூடாது. எவ்வளவு துல்லியம் போதும் என்று தொடங்க வேண்டும். அரிய அணுக்கரு கணக்கற்றுக் கிடைப்பதல்ல. தேவைக்கு மேல் துல்லியம் தேடினால் அடுத்த அணுக்கருவை அளக்க வேண்டிய நேரம் வீணாகும்.

கேள்வி இது. அணுக்கருவில் 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் புரோட்டானோ நியூட்ரானோ இருந்தால் அது கூடுதல் உறுதியோடு இருக்கும். இவற்றை மாய எண்கள் என்பார்கள். கால்சியத்தில் 20 புரோட்டான்கள். பெயருக்குப் பின்னால் வரும் எண், புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை; அதுவே நிறை எண். கால்சியம்-40, கால்சியம்-48 இரண்டிலும் நியூட்ரான் எண்ணிக்கையும் மாய எண்ணாக அமைகிறது. நிலையான கருக்களை விட்டு விலகி நியூட்ரான்களைச் சேர்த்துக்கொண்டே போனால் பழைய மாய எண்கள் மங்கலாம், புதியவை எழலாம். கால்சியம்-52-ல் 32 நியூட்ரான்கள். 32 ஒரு மாய எண்ணா?

மாய எண் என்றால் அதைத் தாண்டியதும் பிணைப்பு சட்டென்று சரியும். அந்தச் சரிவு, அணு உலகில் ஆற்றலை அளக்கும் அலகில், சில மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவு இருக்கும். இனி அதை எம்இவி என்றும், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கேஇவி என்றும் சொல்கிறேன். நிறையை ஆற்றலாகவே பேசுவது இத்துறையின் வழக்கம்: 1 அணு நிறை அலகு என்பது 931.494 எம்இவி. கால்சியம்-52-இன் மொத்த நிறை சுமார் 48,400 எம்இவி. அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு 48 கேஇவி. சில எம்இவி சரிவைப் பார்க்க அந்தத் துல்லியம் போதும். பத்துக் கோடியில் ஒரு பங்கு தேவைப்படும் கேள்விகள் வேறு இருக்கின்றன. பீட்டா சிதைவை வைத்து மெல்விசையின் அடிப்படை விதிகளைச் சோதிப்பது அப்படியொன்று. நம் கேள்வி அதுவல்ல.

படி 2: அணுக்கருவை உண்டாக்குவது

கால்சியம்-52 இயற்கையில் இல்லை. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம், 4.6 விநாடி. கால்சியம்-53-க்கு அரை விநாடிக்கும் குறைவு. கால்சியம்-54-க்கு ஏறத்தாழ 0.1 விநாடி. எங்கேயோ செய்து எடுத்துவர முடியாது. அளக்கும் இடத்திலேயே செய்ய வேண்டும்.

ஐசோல்டேயில் 1.4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்கள் யுரேனியம் கார்பைடு இலக்கில் மோதுகின்றன. யுரேனியக் கரு உடைந்து எத்தனையோ தனிமங்களின் எத்தனையோ ஐசோடோப்புகள் (ஒரே தனிமம், வேறு நியூட்ரான் எண்ணிக்கை) உண்டாகும். இலக்கைச் சுமார் 2000 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருப்பதால் அணுக்கள் பொருளினூடே கசிந்து ஆவியாக வெளியே வருகின்றன. இந்தக் கசிவுக்கே நேரம் பிடிக்கும். குறுகிய ஆயுள் கொண்டவற்றில் பெரும்பகுதி வழியிலேயே சிதைந்துவிடும்.

வெளியே வரும் ஆவியில் கால்சியத்தை மட்டும் அயனியாக்க லேசர்கள் உதவுகின்றன. ஒவ்வொரு தனிமத்தின் எலக்ட்ரான்களுக்கும் தனக்கே உரிய ஆற்றல் படிகள் உண்டு. கால்சியத்தின் படிகளுக்குப் பொருந்தும் நிறங்களை அடுத்தடுத்துப் பாய்ச்சினால் கால்சியம் மட்டும் எலக்ட்ரானை இழக்கும். ஆனால் சூடான உலோகப் பரப்பில் பட்டாலே அயனியாகிவிடும் தனிமங்களும் கூடவே வரும். பிறகு சில பத்தாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் முடுக்கி, காந்தத்தில் வளைத்து, நிறை எண் 52 உள்ள அயனிகளை மட்டும் அனுப்பினால், கையில் இருப்பது கால்சியம்-52-ம் அதே நிறை எண்ணுள்ள வேறு தனிமங்களும் கலந்த ஓட்டம்.

படி 3: வேகத்தைத் தணித்துக் கொத்தாக்குவது

அந்த ஓட்டம் வேகமானது, தொடர்ச்சியானது, சிதறலானது. நமக்கு வேண்டியது மெதுவான, சிறு சிறு கொத்துகள். நான்கு நீண்ட கம்பிகளில் ரேடியோ அதிர்வெண் மின்னழுத்தம் கொடுத்து, நடுவே ஹீலியம் வாயுவை மெல்ல நிரப்பியிருப்பார்கள். அயனிகள் ஹீலியத்தில் மோதி மோதி ஆற்றலை இழக்கும். மின்புலம் அவற்றைப் பக்கவாட்டில் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். சில மில்லி விநாடிகளில் அடங்கி ஒரு குழியில் தேங்கும். கதவைத் திறப்பதுபோல் மின்னழுத்தத்தை மாற்றினால் ஒரே கொத்தாக வெளியேறும். இந்தப் படி சுமாராக அமைந்தால் பின்னால் வரும் எந்தப் படியும் உருப்படாது.

படி 4: வேண்டாதவற்றை விலக்குவது

நிறை எண் 54-ல் கால்சியத்தோடு சேர்ந்து வந்த தொல்லை குரோமியம்-54. அது நிலையானது, கால்சியத்தைவிடப் பல மடங்கு அதிகமாக வரும். இரண்டிலும் 54 துகள்கள். ஆனால் கட்டுறுதி வேறு என்பதால் நிறையில் சுமார் 32 எம்இவி வித்தியாசம். மொத்தத்தில் அது ஏறத்தாழ 1,600-ல் ஒரு பங்கு.

இதைப் பிரிக்க ஐசோல்ட்ராப்பில் இருப்பது பன்முறை எதிரொளிப்புக் கருவி. எதிரெதிராக இரண்டு மின் கண்ணாடிகள்; நடுவே அயனிகள் ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஓடும். கருவியின் நீளம் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் சில பத்து மில்லி விநாடிகளில் அயனி ஓடும் மொத்தத் தூரம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஒரே ஆற்றலில் கனமானது மெதுவாக ஓடும் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் சற்றுச் சற்றாகப் பின்தங்கி, முடிவில் இரண்டும் தனித்தனிக் கொத்துகளாகப் பிரிந்து நிற்கும். வேண்டாத கொத்து வரும்போது மின்கதவை மூடிவிட்டால் வேலை முடிந்தது.

குரோமியம் இலகுவாகப் பிரிந்துவிடும். உண்மையில் கடினமானது ஐசோமர்: அதே அணுக்கரு, ஆனால் சற்றுக் கூடுதல் ஆற்றலோடு நீண்ட நேரம் தங்கியிருக்கும் நிலை. நிறை எண் 100-ல் 100 கேஇவி இடைவெளியுள்ள ஐசோமரைப் பிரிக்க ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிதிறன் தேவை; அதாவது மொத்த நிறையில் ஒன்பது லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். பிரிக்காமல் அளந்தால் இரண்டின் கலவைக்கான நிறைதான் கிடைக்கும். அந்த எண் எந்த அணுக்கருவுக்கும் சொந்தமானதல்ல.

படி 5: கடிகாரத்தைப் பார்த்து முறையைத் தேர்வது

இரண்டு வழிகள் இருக்கின்றன. பென்னிங் பொறியில் அயனியைப் பிடித்துவைத்து அது சுற்றும் அதிர்வெண்ணைப் பார்ப்பது ஒன்று. முந்தைய படியில் சொன்ன எதிரொளிப்புக் கருவியில் ஓடும் நேரத்தையே அளப்பது மற்றொன்று. முதலாவது துல்லியமானது, ஆனால் நேரம் கேட்கும். இரண்டாவது சில பத்து மில்லி விநாடிகளில் முடிந்துவிடும், துல்லியம் குறைவு.

கால்சியம்-54-ஐப் பொறியில் 0.4 விநாடி வைத்தால் ஏறத்தாழ நான்கு அரை ஆயுள் கடந்துவிடும். பதினாறில் ஒன்றுதான் மிஞ்சும். வருவதே சொற்பம். எனவே கால்சியம்-51, 52 இரண்டையும் பென்னிங் பொறியில் அளந்தார்கள். 53, 54 இரண்டையும் ஓடும் நேரத்தால் அளந்தார்கள். துல்லியமான முறையை விட்டுக்கொடுத்தது தோல்வியல்ல. முதல் படியில் கேட்ட கேள்விக்கு 50 கேஇவி போதும் என்று தெரிந்திருந்ததால் எடுத்த முடிவு அது.

படி 6: பென்னிங் பொறியில் சுற்றை எண்ணுவது

இதுதான் இந்தக் கலையின் இதயம். இங்கே சற்று நிதானமாக நிற்போம்.

காந்தப்புலத்தில் மின்னூட்டமுள்ள துகள் வட்டமிடும். எத்தனை முறை வட்டமிடும் என்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு:

அதிர்வெண் = (மின்னூட்டம் × காந்தப்புலம்) ÷ (2 × பை × நிறை)

இதில் வேகமும் இல்லை, வட்டத்தின் அளவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேகமாகப் போனால் பெரிய வட்டம், மெதுவாகப் போனால் சிறிய வட்டம். சுற்றும் நேரம் மட்டும் மாறாது. அளக்கத் தெரிந்தவற்றிலேயே மனிதன் மிக நுட்பமாக அளப்பது அதிர்வெண்ணைத்தான். ஆகவே நிறையைத் தராசில் வைக்காமல் சுற்றாக மாற்றி எண்ணுகிறோம். ஐசோல்ட்ராப்பின் காந்தம் 5.9 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப்போல் லட்சம் மடங்குக்கு மேல். அதில் ஒற்றை மின்னூட்டம் கொண்ட கால்சியம்-52 அயனி விநாடிக்கு ஏறத்தாழ 17,40,000 முறை சுற்றும்.

ஆனால் காந்தப்புலம் மட்டும் இருந்தால் அயனி புலக்கோட்டின் வழியே மேலோ கீழோ நழுவி ஓடிவிடும். அதைத் தடுக்க இரு முனையிலும் மின்புலம் கொடுக்க வேண்டும். மின்புலத்துக்கு ஒரு குணம்: ஒரு திசையில் உள்ளே தள்ளினால் இன்னொரு திசையில் வெளியே தள்ளியே தீரும். அதனால் அயனியின் ஓட்டம் மூன்றாகப் பிரிகிறது. மேலும் கீழுமாக ஓர் ஊசலாட்டம். வேகமான ஒரு சிறு வட்டம். அந்தச் சிறு வட்டத்தின் மையமே பொறியின் நடுவைச் சுற்றி வரும் மெதுவான ஒரு பெருவட்டம். திருவிழாவில் பெரிய ராட்டினம் மெதுவாகச் சுழல, அதில் மாட்டிய தொட்டிலும் தன்னளவில் வேகமாகச் சுழல்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு வேண்டிய தூய சுற்று அதிர்வெண் இந்த மூன்றில் எதுவும் இல்லை. ஆனால் வேகமான வட்டத்தின் அதிர்வெண்ணையும் மெதுவான வட்டத்தின் அதிர்வெண்ணையும் கூட்டினால் சரியாக அதுவே வருகிறது. இந்தக் கூட்டுத்தொகையை நேரடியாகத் தொட்டுப் பார்க்கவே பின்வரும் செயல்முறை. இதன் அடிப்படையைக் கிராஃப் குழுவினர் 1980-ல் வகுத்தார்கள்.

முதலில் அயனியைப் பெருவட்டத்தில் சற்று விலக்கி வைக்கிறார்கள். பிறகு பொறியின் வளையம் நான்கு துண்டுகளாகப் பிரிந்திருப்பதால் அதில் ரேடியோ அதிர்வெண் ஒன்றைக் கொடுக்கிறார்கள். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளினால்தானே உயரும்? அதேபோல், கொடுத்த அதிர்வெண் அந்தக் கூட்டுத்தொகைக்குச் சரியாகப் பொருந்தினால், மெதுவான பெருவட்டம் முழுதாக வேகமான வட்டமாக மாறிவிடும். வட்டத்தின் அளவு மாறாது. ஆனால் மெதுவாகச் சுற்றியது இப்போது விர்ரென்று சுற்றுவதால் ஆற்றல் எகிறிவிடும். பொருந்தாவிட்டால் அரைகுறையாகத்தான் மாறும்.

இந்த ஆற்றலை எப்படிப் பார்ப்பது? அயனியைப் பொறியிலிருந்து மேல்நோக்கி விடுவிப்பார்கள். காந்தப்புலம் வலுக்குறையும் பகுதியைக் கடக்கும்போது சுற்றும் ஆற்றல் முன்னோக்கி ஓடும் ஆற்றலாக மாறும். ஆகவே நன்றாகச் சுழன்ற அயனி, மேலே இருக்கும் உணர்கருவியைச் சீக்கிரம் வந்தடையும். ரேடியோ அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் அயனி வந்துசேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டே போனால், வரைபடத்தில் ஓரிடத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் அடி எங்கே இருக்கிறதோ அதுவே தேடிய அதிர்வெண். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சில அயனிகள்; ஒவ்வோர் அயனியும் அளக்கப்பட்டதோடு அழிகிறது.

எவ்வளவு துல்லியம் வரும் என்று காகிதத்திலேயே கணக்கிடலாம். 0.4 விநாடி ரேடியோ அதிர்வெண் கொடுத்தால் பள்ளத்தின் அகலம் சுமார் 2.5 ஹெர்ட்ஸ். ஆயிரம் அயனிகள் பதிவானால் மையத்தை அந்த அகலத்தில் ஆயிரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுக்கு, அதாவது 0.08 ஹெர்ட்ஸுக்குக் குறிக்கலாம். 17.4 லட்சத்தில் 0.08. நிறையாக மாற்றினால் 2 கேஇவி அளவு. நேரத்தை இரட்டிப்பாக்கினால் பிழை பாதியாகும்; ஆனால் அயனி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் அவ்வளவு குறையாது. பிடித்துவைக்கும் நேரத்துக்காக இவர்கள் ஏன் தவிக்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

இப்போது இதைவிட வேகமான ஒரு முறையும் பரவிவிட்டது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஷிப்ட்ராப் குழு 2013-ல் வெளியிட்ட முறையில், அயனி உணர்கருவியின் எந்த இடத்தில் வந்து விழுந்தது என்பதைப் படம்பிடிக்கிறார்கள். குறித்த நேரத்தில் அது எத்தனை முழுச் சுற்றும் அதற்கு மேல் எத்தனை டிகிரியும் சுற்றியது என்று அந்த இடமே சொல்லிவிடும். நெருக்கமான ஐசோமர்களைப் பிரிப்பதில் இது பெரிய தாவல்.

படி 7: ஒப்பிட ஓர் அயனி

மேலே சொன்ன விதியில் காந்தப்புலம் இருக்கிறது. அதைப் பத்துக் கோடியில் ஒரு பங்குக்குத் தனியாக அளக்க யாராலும் முடியாது, அளக்கவும் தேவையில்லை. நிறை நன்கு தெரிந்த இன்னோர் அயனியை அதே பொறியில், அதே இடத்தில் சுற்றவிட்டு இரண்டு அதிர்வெண்களின் விகிதத்தை எடுத்தால் காந்தப்புலம் கணக்கிலிருந்தே போய்விடும். பொற்கொல்லர் தராசில் குன்றிமணி வைத்தது போலத்தான்: ஒன்றுக்கு எதிரே இன்னொன்று. கால்சியத்துக்கு ஒப்பீடாக நின்றது பொட்டாசியம்-39.

ஆனால் காந்தப்புலம் நிலையாக நிற்பதில்லை. மீக்கடத்திச் சுருளில் மின்னோட்டம் மிக மெதுவாகக் குறைகிறது. கருவிக்குள் வெப்பநிலை மாறினால், குளிர்விக்கும் திரவ ஹீலியத்தின் அழுத்தம் மாறினால், புலமும் அசைகிறது. எனவே ஒப்பீட்டு அயனி, அரிய அயனி, மீண்டும் ஒப்பீட்டு அயனி என்ற வரிசையில் அளந்து, நடுவேளையில் புலம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அரிய அயனிக்காக மணிக்கணக்கில் காத்திருந்தால் இந்தக் கணிப்பு பலவீனமாகும்.

படி 8: கால்சியம்-54, ஓடும் நேரத்தால்

எதிரொளிப்புக் கருவியில் ஓடும் நேரம் நிறையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். அதோடு மின்னணுக் கருவிகளின் தாமதமாக ஒரு மாறிலி சேரும். தெரியாதவை இரண்டு என்பதால் தெரிந்த அயனிகளும் இரண்டு தேவை. இங்கேதான் கதை அழகாகத் திரும்புகிறது. நான்காவது படியில் தொல்லையாக இருந்த குரோமியம்-54 இங்கே ஒப்பீட்டு அயனி ஆகிறது: கால்சியத்தோடு ஒரே கொத்தில், ஒரே தருணத்தில் ஓடி வருவதால் அதைவிட நல்ல துணை கிடைக்காது. இரண்டாவது, பொட்டாசியம்-39. இந்த வழியில் கால்சியம்-54-இன் நிறை ஏறத்தாழ 50 கேஇவி பிழைக்குள் கிடைத்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு: முதல் படியில் கேட்டது அதுவே.

படி 9: பிழைகளைத் தேடிப் பிடிப்பது

நல்ல பள்ளம் விழுந்துவிட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு பள்ளம் அழகாக இருப்பதாலேயே சரியாக இருந்துவிடாது.

முதல் சந்தேகம், பொறியில் ஒரே நேரத்தில் எத்தனை அயனி இருந்தது என்பது. வேறு நிறையுள்ள அயனி கூட இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளி அதிர்வெண்ணை நகர்த்தும். உணர்கருவி எல்லா அயனியையும் பார்ப்பதில்லை. இரண்டு பதிவானால் உள்ளே ஐந்தாறு இருந்திருக்கலாம். எனவே பதிவுகளை அயனி எண்ணிக்கைவாரியாகப் பிரித்து, எண்ணிக்கை குறையக் குறைய அதிர்வெண் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். அது நகர்ந்துகொண்டே இருந்தால் உள்ளே கலப்படம் இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, பொறியின் மின்புலம் சற்றுக் கோணலாக இருந்தால் ஒப்பீட்டு அயனிக்கும் அரிய அயனிக்கும் உள்ள நிறை வித்தியாசத்துக்கு ஏற்ப ஒரு சாய்வு நுழையும். இதைக் கண்டுபிடிக்க ஐசோல்ட்ராப்பில் கார்பன் கொத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். அணு நிறை அலகு என்பதே கார்பன்-12-இன் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதால், பத்துக் கார்பன், பதினொரு கார்பன் என்று எத்தனை சேர்ந்தாலும் அதன் நிறை முன்கூட்டியே தெரியும். விகிதம் அந்த எண்ணிலிருந்து விலகினால் குற்றம் கருவியுடையது. 2003-ல் முடித்த இந்த ஆய்வில் கருவியின் எஞ்சிய பிழை நூறு கோடியில் 8 பங்கு என்று கண்டார்கள். தன் கருவியை இப்படிக் குறுக்கு விசாரணை செய்து முடித்துவிட்டு அதன் பிறகே அரிய அணுக்கருவைப் பற்றிப் பேசும் நேர்மை எனக்கு எப்போதும் மரியாதையைத் தருகிறது.

மூன்றாவது, வேறொரு கருவி அதே எண்ணைச் சொல்கிறதா என்பது. கால்சியம்-51, 52 இரண்டையும் கனடாவின் வான்கூவரில் ட்ரையம்ஃப் மையத்தில் டைட்டன் பொறி 2012-லேயே அளந்து வெளியிட்டிருந்தது. கால்சியம்-52 அப்போதைய பட்டியல் மதிப்பைவிட 1.74 எம்இவி அதிக இறுக்கமாகப் பிணைந்திருந்தது. பட்டியலே அவ்வளவு தவறு என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். ஐசோல்ட்ராப்பின் எண் டைட்டனோடு ஒத்துப்போனது.

படி 10: எலக்ட்ரானை மறக்காதீர்கள்

பொறியில் சுற்றியது அயனி. பட்டியலில் எழுதுவது முழு அணுவின் நிறை. ஒப்பீட்டு அணுவின் நிறையிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கழித்து, அதிர்வெண் விகிதத்தால் பெருக்கி, திரும்ப ஓர் எலக்ட்ரானைக் கூட்ட வேண்டும். எலக்ட்ரானின் நிறை 511 கேஇவி. பொட்டாசியம்-39-ஐ வைத்துக் கால்சியம்-52-ஐக் கணக்கிடும்போது இந்தத் திருத்தத்தை விட்டால் 170 கேஇவி தவறு வரும். எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கத் தேவைப்பட்ட ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட்தான். அதை இங்கே விட்டுவிடலாம்.

படி 11: நிறையிடம் கேள்வி கேட்பது

இந்தப் படியை நீங்களே காகிதத்தில் செய்யுங்கள். அணுவின் நிறையிலிருந்து அதன் நிறை எண்ணைக் கழித்து ஆற்றலாக மாற்றினால் கிடைப்பது நிறை உபரி. எம்இவி-யில் சில மதிப்புகள்: கால்சியம்-46-க்கு −43.14, கால்சியம்-48-க்கு −44.22, கால்சியம்-50-க்கு −39.59, கால்சியம்-52-க்கு −34.27, கால்சியம்-54-க்கு −25.16. இரண்டு நியூட்ரான்களுக்குச் சேர்த்து 16.14.

ஓர் அணுக்கருவிலிருந்து இரண்டு நியூட்ரான்களைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பிடுங்கிய பிறகு மிஞ்சுவதன் உபரியோடு 16.14 கூட்டி, தொடக்கத்தில் இருந்ததன் உபரியைக் கழிக்க வேண்டும். ஒற்றை நியூட்ரானாக அல்லாமல் இரண்டாக எடுப்பதற்குக் காரணம், நியூட்ரான்கள் சோடி சேர்வதால் வரும் ஏற்ற இறக்கம் மறைந்து கோடு சீராகத் தெரியும் என்பதே.

கால்சியம்-48-க்கு −43.14 + 16.14 + 44.22 = 17.22. கால்சியம்-50-க்கு −44.22 + 16.14 + 39.59 = 11.51. நடுவே 5.7 எம்இவி சரிவு. 28 என்ற பழைய மாய எண் இங்கே தெரிகிறது.

கால்சியம்-52-க்கு −39.59 + 16.14 + 34.27 = 10.82. சரிவு 0.7 மட்டும். கிட்டத்தட்டச் சமதளம்.

கால்சியம்-54-க்கு −34.27 + 16.14 + 25.16 = 7.03. சரிவு 3.8.

32-ஐத் தாண்டியதும் விழும் இந்த 3.8 எம்இவி, ஏறத்தாழ 0.05 எம்இவி பிழையோடு அளந்த ஓர் எண்ணிலிருந்து வருகிறது. பிழையைப்போல் எழுபது மடங்குக்கு மேல் பெரியது. 32 மாய எண்தான் என்பதற்கு அதைவிடப் பேசத் தேவையில்லை. இரண்டு துகள்களுக்கிடையே மட்டுமல்லாமல் மூன்று துகள்கள் சேர்ந்திருக்கும்போது எழும் விசையையும் சேர்த்துச் செய்த கோட்பாட்டுக் கணக்குகள் இந்தச் சரிவை நன்றாகவே சொல்லியிருந்தன.

படி 12: பட்டியலை வாசிப்பது

அளந்த எண்கள் கடைசியில் சேருமிடம் அணு நிறை மதிப்பீட்டுப் பட்டியல். 2020 பதிப்பு 2021-ல் வெளியானது. அதை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: எண்ணின் பக்கத்தில் # குறி இருந்தால் அது அளந்த மதிப்பல்ல, அக்கம்பக்கத்து அணுக்கருக்களின் போக்கிலிருந்து ஊகித்தது. நியூட்ரான் விண்மீன் மோதலில் கனத் தனிமங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று கணக்கிடும்போது இந்தக் குறியுள்ள மதிப்புகளோ கோட்பாட்டு மதிப்புகளோதான் பெரும்பாலும் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. அவை எங்கே முடிந்து அளவீடு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தே பயன்படுத்துங்கள். துத்தநாகம்-82-ஐ ஐசோல்ட்ராப்பில் அளந்ததும், நியூட்ரான் விண்மீனின் மேலோட்டில் அது இருக்கும் என்று சொன்ன கணக்கிலிருந்து அதை நீக்க வேண்டியதாயிற்று. ஓர் எண்ணை மாற்றியதும் விண்மீனின் ஓர் அடுக்கே மாறியது.

கால்சியத்தின் கோடு அதற்குப் பிறகும் நீண்டிருக்கிறது. ஜப்பானின் ரிகென் மையத்தில் 2018-ல் கால்சியம்-55, 56, 57 அளக்கப்பட்டன; பொறியில் பிடிக்காமல், பறந்துபோகும் வேகத்திலேயே. நம் படி 11-ஐ அந்த எண்களோடு இன்னும் இரண்டு வரி எழுதிப் பாருங்கள்: 34-ஐத் தாண்டும்போதும் கோடு இறங்குகிறது. அதே ரிகெனில் அதே ஆண்டு கால்சியம்-60 முதன்முறையாகக் கண்டறியப்பட்டது, மொத்தம் இரண்டே அணுக்கருக்கள். படி 6-இல் போட்ட கணக்குக்கு ஆயிரம் தேவைப்பட்டது.